எண்ணூறு குரோனர் வெயில்

வேலியில் போனதை எடுத்து
மடியில் விட்டுக்கொள்ளவில்லை நான்.
இந்த ஊர் வேலிகள் பனிக்கு அடியில் கிடக்கின்றன.
தெற்கே வேலை கிடைத்துக் கிளம்பிய யூஸ்டைனிடம்
எண்ணூறு குரோனரை எண்ணிக் கொடுத்து,
கண்ணாடிப் பெட்டி, இரண்டு விளக்கு, ஒரு பாறை,
பாறைமேல் முறைத்துக்கொண்டு ஒரு தாடி ஓணான்,
அத்தனையையும் கம்பளியில் சுற்றி
பனி வழிக்கும் வண்டியின் பக்கத்து இருக்கையில்
பெல்ட் போட்டு உட்காரவைத்துக் கொண்டுவந்தேன்.

கிர்கெனெஸில் நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி நடுவில்தான் திரும்பும்.
என் கூடத்து மூலையில் மட்டும்
காலை எட்டுக்கு உதித்து
இரவு எட்டுக்கு அணைகிறது.
நாற்பது டிகிரி.
வெளியே அதைவிட
அறுபது குறைவு.

அண்ணன் ஆஸ்பியோர்ன் கரண்ட் பில்லைப் பார்த்தான்.
"மனுஷனுக்கு இல்லாத வெயில் ஓணானுக்கா?" என்றான்.
சொல்லிவிட்டு அரை மணி நேரம்
பெட்டியருகே நாற்காலியை இழுத்துப் போட்டு
கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

ஒரு வாரம் தொடாதே,
தீனி வை, தள்ளி நில் என்று சொல்லித்தான் விற்றான்.
மூன்றாம் நாளே கையை விட்டேன்.
தாடி கரியாய்க் கறுத்தது,
முள் ஒவ்வொன்றும் விறைத்தது,
வாய் திறந்தது, உள்ளே வெளிர்மஞ்சள்.
கையை எடுத்துக்கொண்டு
மன்னித்துக்கொள் என்று சத்தமாகவே சொன்னேன்.
வீட்டில் என் குரலை நானே கேட்டு
வெகு நாளாகியிருந்தது.

சாப்பிடவில்லை.
கண்ணாடியை மட்டும் ஓயாமல் பிறாண்டியது.
வெளியே வரத் துடிக்கிறது என்று நினைத்தேன்.
"இல்லை தூருன், எதிரே இன்னொருத்தன் நிற்கிறான்
என்று நினைக்கிறது" என்றான் யூஸ்டைன், போனில்.
போன மாதத்து வழித்தடப் பட்டியல்களை எடுத்து
மூன்று பக்கமும் வெளியிலிருந்து ஒட்டினேன்.
எதிராளி போய்விட்டான். பிறாண்டல் நின்றது.
சமையலறை ஜன்னலிலும்
பகல் முழுக்க ஒருத்தி நிற்கிறாள்,
கையில் காப்பியோடு.
அதற்கு ஒட்டக் காகிதம் போதவில்லை.

ஐந்தாம் நாள்
முன்னங்கால் ஒன்றைத் தூக்கி
தண்ணீருக்குள் அளைவதுபோல் மெல்ல
ஒரு வட்டம் போட்டுக் கீழே வைத்தது.
எனக்குத்தான்! வேறு யாரும் இல்லை.
நானும் கையைத் தூக்கி அப்படியே அசைத்தேன்.
அது மறுபடி. நான் மறுபடி.
யூஸ்டைன் சிரித்தான்: அது வணக்கம் இல்லை.
'நான் சின்னவன், சண்டைக்கு வரவில்லை,
விட்டுவிடு' என்று அர்த்தம்.

சரி.
அப்படியென்றால் இரண்டு பேரும்
உண்மையைத்தான் சொல்லியிருக்கிறோம்.

மேல்வீட்டு குன்வோர் தேன்கேக் கொண்டுவந்தாள்.
பூட்ஸ் கழற்றினாள், காலுறையும் கழற்றினாள்,
வெளிறிய இரண்டு பாதங்களைப் பெட்டிப் பக்கம் நீட்டி
"இவன் பெயர் என்ன?" என்றாள்.
இன்னும் வைக்கவில்லை.
வீட்டை அது ஒத்துக்கொள்ளட்டும், பிறகு பார்க்கலாம்.

தபாலில் வந்த சுவர்க்கோழிகளில் பாதி
உறைந்து செத்திருந்தன.
மிச்சத்தைச் சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்டி
ஒவ்வொன்றாய் உள்ளே விட்டேன்.
பார்க்காத மாதிரி முதுகைக் காட்டி
பாத்திரம் கழுவினேன்.
ஒன்பதாம் நாள் பின்னால்
'நறுக்'கென்று ஒரு சத்தம்.
திரும்பவில்லை.
கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

மறுநாள் காலை பாறையருகே
உருண்டையாய், வெள்ளை நுனியோடு, ஆரோக்கியமான எச்சம்.
அண்ணனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.
பதில் இல்லை.

தப்பித்த சுவர்க்கோழி ஒன்று
குளிர்பெட்டிக்குப் பின்னால் இருந்து பாடுகிறது.
பிடித்தாக வேண்டும், தெரியும்.
மூன்று மணிக்கு ஷிப்ட், விமான நிலையச் சாலை முழுக்க
பனி வழிக்க வேண்டும்.
இருட்டில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.
பெட்டிக்குள் அதுவும் விழித்திருக்கிறது,
தலையைச் சாய்த்து,
அந்தச் சத்தம் வரும் பக்கம்.